அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயோ என்று அச்சம்: மானூர்ப் பக்கத்துக்காரர்கள் உதவுங்கள்

அண்ணாச்சிமார்களே, மழைக்குப் பின் நன்றாக மேய்ந்துகொண்டிருந்த எங்கள் பசு திடீரென்று செத்துவிட்டது. மூக்கில் கறுத்த ரத்தம், உறையவே இல்லை. கால்நடை அவசர உதவி எண் 1962-க்குச் சொல்லிவிட்டோம். மருத்துவர் வரும்வரை தோலுரிக்க யாரையும் விடமாட்டேன். உடலைத் திறந்தால் கிருமி காற்றுப்பட்டு வித்தாக (ஸ்போர்) மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

இதைவிட வேதனை, ஊரில் பரவும் பேச்சு. 2001இல் அமெரிக்காவில் அஞ்சலில் வந்த ஆந்த்ராக்ஸ் பொடியைச் சொல்லி, வயலில் ஆட்டுக் கிடை போட வந்த கீதாரிகள் (ஊர் ஊராகப் போய் ஆடு மேய்ப்பவர்கள்) எதையோ தூவிவிட்டார்கள் என்கிறார்கள். பாவம், அவர்களும் ஆடுகளை நம்பிப் பிழைப்பவர்கள்! மாடு செத்துப் புதைந்த பழைய மண்ணிலிருந்தே இந்நோய் வருவது வழக்கம்.

உங்கள் ஊரில் அண்மையில் இப்படி மாடு, ஆடு செத்ததா? முன்பு அடைப்பானில் செத்தவற்றை எந்த மேய்ச்சல் நிலத்தில் புதைத்தார்கள்? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் தெரிந்தவர்கள் இருந்தால், ஊர்க்கூட்டத்தில் வந்து பேசச் சொல்லுங்கள்.