வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எந்த ஃபோல்டரில் என்று தெரியவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே தேதி காட்டுகிறது: உதவி தேவை

வில்லுக்குறி வாசகி (வியாழன், இரவு 9.12)

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பத்திரத்தையும் அதன் முன்னாதாரத்தையும் (அதற்கு முந்தைய மூலப் பத்திரம்) முன்பு ஸ்கேன் செய்து வைத்திருந்தோம். அது ஹார்டு டிஸ்கில்தான் இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் என்று தெரியவில்லை. "பழையது", "பழையது புதிது", "எல்லாம்", "எல்லாம் 2", "அப்பா போன்", "புதிய ஃபோல்டர்" என்று ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரே படம் மூன்று நான்கு இடங்களில் இருக்கிறது. தேதியை வைத்துத் தேடலாம் என்றால் எல்லாவற்றுக்கும் 14-08-2023 என்றே காட்டுகிறது. இடமும் நிறைந்துவிட்டதால் இரட்டைப் படங்களை அழிக்கத் தொடங்கியிருக்கிறேன். அண்ணன் ஞாயிறு மாலை திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறுகிறார், அதற்குள் வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

பறக்கை நண்பன் (வியாழன், இரவு 9.26)

முதலில் அழிப்பதை நிறுத்துங்கள் அக்கா, மற்றவை பிறகு. கணினியா, மடிக்கணினியா, விண்டோஸ் எந்தப் பதிப்பு, டிஸ்க் எவ்வளவு பெரியது, அதில் எவ்வளவு மீதமிருக்கிறது? ஸ்கேன் எடுத்தது கடையிலா, போனிலா, எந்த ஆண்டு? பிடிஎஃப் கோப்பா, படமா? அந்த 2023 ஆகஸ்ட் 14 அன்று என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? இவை தெரியாமல் நாங்கள் சொல்வதெல்லாம் ஊகமாகத்தான் இருக்கும்.

தோவாளைத் தோழர் (வியாழன், இரவு 9.41)

எனக்கு டிஸ்கின் மேல்தான் சந்தேகம். நம் மாவட்டத்தில் கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து மின்னணுப் பொருள்களின் இணைப்புகளை அரித்துவிடுகின்றன. மணக்குடியில் உறவினர் வீட்டில் இரண்டு டிஸ்குகள் அப்படிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். தேதிகள் குழம்புவது டிஸ்க் பழுதடைவதன் தொடக்கமாக இருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, உடல்நிலை என்ற இடத்தில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று ஒலி வருகிறதா?

குளச்சல் மூத்த உறுப்பினர் (வியாழன், இரவு 10.05)

இதே கேள்விக்கு நான் பலமுறை விடை எழுதியிருக்கிறேன்; கேட்பதற்கு முன் தேடிப் படிக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு இன்னும் வரவில்லை என்பது வருத்தமளிக்கிறது. "புதிய ஃபோல்டர்" என்ற பெயரை அப்படியே விட்டுவைத்தவர் பிறகு தேட முடியவில்லை என்று சொல்வதில் வியப்பில்லை. ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாதத்துக்கு ஒன்று, கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களால் தொடங்க வேண்டும். அவ்வாறு எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் சொல்வதும் இந்த வரிசைதான். முதலில் இந்த அமைப்பை உருவாக்கிவிட்டு வாருங்கள்.

பத்திரத்தைப் பொறுத்தவரை, ஸ்கேனை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

வில்லுக்குறி வாசகி (வியாழன், இரவு 10.31)

மன்னிக்கவும், விவரங்களை விட்டுவிட்டேன். விண்டோஸ் 10, 1 டிபி டிஸ்க், 20 ஜிபிதான் மீதம். ஒலி எதுவும் வரவில்லை. 2023 ஆகஸ்டில் அண்ணன் மகன் எல்லாப் போன்களையும் பழைய கணினியையும் சேர்த்து இந்த டிஸ்கில் போட்டுத் தந்தான். ஸ்கேன் எடுத்தது 2019இல், வீட்டுக் கடனுக்காக. மாதம் சரியாக நினைவில்லை, பள்ளி திறந்த சமயம். போனில் கேம்ஸ்கேனரில் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சான்றிட்ட நகல் கேட்க ஆவண எண் வேண்டும், அந்த எண்ணே ஸ்கேனில்தான் இருக்கிறது. அசல் வங்கியில் இருக்கிறது. முன்னாதாரம் மாநிலப் பிரிவினைக்கு முந்தையது, மலையாளத்தில் கையால் எழுதியது. அப்பா போன ஆண்டு காலமாகிவிட்டார்.

மார்த்தாண்டம் அக்கா (வியாழன், இரவு 10.58)

தங்கச்சி, அப்பாவைப் பற்றி அறிந்து வருந்துகிறேன். நீங்கள் இப்போது எழுதியதிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது, பதற வேண்டாம்.

உங்கள் டிஸ்க் கெட்டிருக்க வாய்ப்பில்லை. விண்டோஸ் ஒவ்வொரு கோப்புக்கும் பல தேதிகளை வைத்திருக்கிறது. ஒரு கோப்பை வேறு டிஸ்குக்கு நகலெடுக்கும்போது "உருவாக்கிய தேதி" நகலெடுத்த நாளாக மாறிவிடும். "திருத்திய தேதி" பெரும்பாலும் பழையபடியே இருக்கும். ஏதாவது ஒரு கோப்பின் மேல் வலது சொடுக்கிட்டுப் பண்புகளைத் திறந்து பாருங்கள்: உருவாக்கியது 2023 என்றும் திருத்தியது 2019 என்றும், கோப்பு பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே திருத்தப்பட்டதைப் போலக் காட்டும். அது பழுது அல்ல. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது உருவாக்கிய தேதியின் நிரலாக இருக்க வேண்டும். விவரப் பட்டியலின் தலைப்பு வரியில் வலது சொடுக்கிட்டு, திருத்திய தேதியையும் படம் எடுத்த தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். கேமராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த நாள், நேரம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்புகள் நீங்கிவிடும், படமும் சுருங்கிவிடும். அதற்கு ஈடாகக் கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் சேமிக்கும் படங்களின் பெயரில், ஒரு சிறுகோட்டுக்குப் பிறகு எட்டு இலக்கங்கள் வரும்: ஆண்டு நான்கு, மாதம் இரண்டு, நாள் இரண்டு. ஆவணமாக வந்த கோப்புகளிலும் பல அவ்வாறே பெயர் பெற்றிருக்கும். ஆகவே "பத்திரம்" என்ற சொல்லைத் தேட வேண்டாம். அந்தப் பெயரை யாரும் வைக்கவில்லை. கையால் எழுதிய மலையாளப் பத்திரத்தின் படத்துக்குள் இருக்கும் சொற்களை விண்டோஸின் தேடல் பெட்டி படிக்கப் போவதும் இல்லை. இடப்பக்கப் பட்டியலில் அந்த டிஸ்கையே தேர்ந்துகொண்டு, தேடல் பெட்டியில் *201906* என்று, முன்னும் பின்னும் உடுக்குறி இட்டுத் தட்டச்சிடுங்கள். பள்ளி திறந்த சமயம் என்றால் ஜூன்தான். கிடைக்காவிட்டால் மே, ஜூலை மாதங்களையும் பாருங்கள். நீங்கள் அப்பாவுக்கு அனுப்பியதால் "அப்பா போன்" ஃபோல்டரில்தான் முதலில் எதிர்பார்க்கிறேன்.

அப்பாவின் போன் இன்னும் வீட்டில் இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் உங்கள் இருவரின் உரையாடலைத் திறந்து, மேலே பெயரைத் தொட்டால் ஆவணங்கள் தனிப் பட்டியலாகவே வரும்.

கொட்டாரம் எழுத்தன் (வியாழன், இரவு 11.24)

இன்னொரு வாய்ப்பையும் விட்டுவிடக் கூடாது. வீட்டில் பாகப்பிரிவினை வரைவு ஏதாவது தட்டச்சுக் கடையில் அடித்திருந்தால், அது பாமினி எழுத்துருவில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துருவில், இருக்கக்கூடும். வேர்டு, ஆவணத்தின் முதல் வரியையே கோப்பின் பெயராக முன்மொழியும்; கடைக்காரர் அப்படியே சேமித்திருப்பார். கோப்பின் பெயருக்குப் பாமினி எழுத்துரு கிடையாதல்லவா? அதனால் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், யாரும் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார்கள். பாமினியில் "ப" ஆங்கிலத்தின் ஜி விசையிலும், துணைக்கால் எச் விசையிலும், "க" எஃப் விசையிலும் இருக்கின்றன. அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடினால் "பாக" என்று தொடங்கும் வரைவு அகப்படும்.

யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. "கோட்டாறு" என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஒரே இடத்தில் இரண்டு "நாகர்கோவில்" ஃபோல்டர்கள் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அத்தகைய பெயர்களைத் தேடும்போது "நாகர்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குளச்சல் மூத்த உறுப்பினர் (வெள்ளி, காலை 6.48)

கொட்டாரம் அன்பர் தம்மை அறியாமலே என் கருத்தை நிறுவிவிட்டார். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு? ஆண்ட்ராய்டு போனின் உள்நினைவகத்தில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பிடிக்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் சேர்வதால் 85 குறிகளில் முடிந்துவிடும். கணினியில் நீளமாகப் பெயர் வைத்துவிட்டுப் போனுக்கு நகலெடுக்க முடியவில்லை என்று நாளை இவரே வந்து கேட்பார்.

கொட்டாரம் எழுத்தன் (வெள்ளி, காலை 7.30)

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதை ஏற்க இயலவில்லை. "முன்னாதாரம்" என்பதை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் ஒரு வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். அதைத் தேடுவது இன்னும் கடினம். 85 குறிகள் ஒரு பெயருக்குத் தாராளம். அந்த வீட்டில் இந்தக் கோப்புகளைத் தேடப்போவது தமிழில் நினைக்கும் மனிதர்கள். அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஒரு படம் வேண்டுமென்றால், அவர்கள் வாயில் வரும் சொல்லே பெயராக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

குளச்சல் மூத்த உறுப்பினர் (வெள்ளி, காலை 7.52)

உணர்ச்சியால் கோப்புகளை அடுக்க முடியாது. எண்ணில் தொடங்குங்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

மார்த்தாண்டம் அக்கா (வெள்ளி, காலை 8.15)

இரண்டும் ஒன்றாகவே நடக்கும் அண்ணன்மாரே. முதலில் ஆண்டும் மாதமும் எண்ணில், பிறகு தமிழில் பெயர். "2019-06 வீட்டுப் பத்திரம்" என்று வைத்தால் உங்கள் இருவர் சொன்னதும் அதில் இருக்கிறது. தங்கச்சி கேட்டது வேறு, அதற்கு வருவோமா?

பறக்கை நண்பன் (வெள்ளி, காலை 9.03)

இரட்டைப் படங்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அக்கா ஏற்கெனவே அழிக்கத் தொடங்கிவிட்டார் என்பதுதான் எனக்குக் கவலை. கண்ணால் பார்த்து அழிக்காதீர்கள். டூப்குரு போன்ற இலவச மென்பொருள்கள் கோப்பின் உள்ளடக்கத்தை ஒப்பிட்டு, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பவற்றை மட்டும் காட்டும். அவற்றில் ஒன்றை அழிப்பதில் ஆபத்தில்லை. ஒரே காட்சியைக் கொண்ட இரண்டு படங்கள் அப்படியல்ல. ஒன்று கேமராவில் எடுத்த 4000 பிக்சல் அகலப் படமாகவும், மற்றது வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த 1600 பிக்சல் படமாகவும் இருக்கலாம். சிறியதாகக் காட்டும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அளவைப் பார்க்காமல் அழித்தால் அப்பாவின் நல்ல படம் போய், மங்கிய நகல்தான் மிஞ்சும்.

இதுவரை அழித்தவை டிஸ்கிலிருந்து என்றால் மறுசுழற்சித் தொட்டியில் இருக்க வாய்ப்புண்டு, பாருங்கள். பென்டிரைவில் அழித்தால் தொட்டிக்குப் போகாது.

எங்கள் வீட்டுக்குள் 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வந்தது. கணினியும் அதன் நகல் டிஸ்கும் ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. இரண்டும் ஒரே இரவில் போயின. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் நான் எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதியை நான் அதன்பிறகுதான் படித்தேன். இப்போது என் ஒரு டிஸ்க் தக்கலையில் தங்கை வீட்டில் இருக்கிறது. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதியவற்றைச் சேர்த்துவிட்டு வருகிறேன்.

தோவாளைத் தோழர் (வெள்ளி, காலை 9.40)

அதோடு, டிஸ்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். அக்கா, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ன சொன்னது? நல்ல நிலை என்று வந்தாலும் அதையும் எழுதுங்கள்.

மார்த்தாண்டம் அக்கா (வெள்ளி, இரவு 8.20)

தங்கச்சி, தேடிப் பார்த்தீர்களா?

வில்லுக்குறி வாசகி (சனி, காலை 6.50)

கிடைத்துவிட்டது. *201906* என்று தேடியதும் "எல்லாம் 2" ஃபோல்டருக்குள் "அப்பா போன்", அதற்குள் வாட்ஸ்அப் ஆவணங்களில் இருந்தது. ஜூன் 8ஆம் தேதி. அதே இடத்தில், நான் அனுப்பியதிலிருந்து அப்பா தனியாக எடுத்துவைத்த ஒரு நகலும் இருந்தது, அதற்கு "வீடு" என்று அவரே தமிழில் பெயர் வைத்திருக்கிறார். அதை மாற்றவில்லை. ஆவண எண்ணை அண்ணன் குறித்துக்கொண்டார். தொட்டியிலிருந்து படங்களையும் மீட்டுவிட்டேன். அனைவருக்கும் நன்றி, வங்கிக்குக் கிளம்புகிறேன்.

மார்த்தாண்டம் அக்கா (சனி, காலை 7.05)

மிகவும் மகிழ்ச்சி. கிளம்புவதற்கு முன் அந்த இரண்டு கோப்புகளையும் அண்ணன் போனுக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். படமாக அல்ல, ஆவணமாக. முன்னாதாரத்தின் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்துப் பத்திரங்களில் பின்பக்கத்திலும் எழுத்து இருக்கும், ஸ்கேன் எடுக்கும்போது விடுபட்டுப்போவது உண்டு.

தோவாளைத் தோழர் (சனி, காலை 11.32)

டிஸ்கின் நிலை என்ன என்று இன்னும் தெரியவில்லையே, அக்கா?