டம்ப் என்பதற்குச் ‘சில்லுப்படி’

அன்பர்களுக்கு வணக்கம்.

கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியில் செருகும் விளையாட்டுப் பெட்டியான கேட்ரிஜில் உள்ளதை அப்படியே கணினிக்கு எடுப்பதை நாம் எல்லாரும் ‘டம்ப்’ என்றே சொல்லி வருகிறோம். இதற்குக் கோலாலம்பூர் நண்பர் ‘காப்பு நகல்’ என்றும், பட்டர்வொர்த் அம்மையார் ‘மெய்ப்படி’ என்றும் முன்மொழிந்திருக்கிறார்கள். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை.

காப்பு நகல் என்பது நோக்கத்தைச் சொல்லும் பெயர். கணினி நிரலின் பிரதியை உடையவர், அது தொலைந்தாலோ கெட்டாலோ பயன்படுத்த ஒரு நகல் எடுத்துவைக்க நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 40ஆவது பிரிவில் இடமளிக்கிறது. அந்த நகலுக்கு இப்பெயர் மிகப் பொருத்தம், அங்கேயே இருக்கட்டும். நாம் தேடுவது செயலுக்கான பெயர்.

மெய்ப்படி அழகான சொல்தான். ஆனால் பினாங்கில் இரவுச் சந்தையில் வாங்கிய கேட்ரிஜ்களில் போலிகளும் உண்டு. போலியையும் ஒரு பிட் பிசகாமல் எடுக்கலாம். அதை மெய்ப்படி என்றால், கேட்பவர் அசல் விளையாட்டு என்றே நினைப்பார்.

என் பரிந்துரை: சில்லுப்படி. சில்லு என்பது விளையாட்டின் நிரல் பதிந்திருக்கும் ‘சிப்’. கல்வெட்டின்மேல் ஈரத்தாளை ஒற்றி, மை தட்டி எடுப்பதை மைப்படி என்கிறோம். கல்லில் விரிசல் இருந்தால் விரிசலும் வரும், சிற்பியின் பிழை இருந்தால் அதுவும் வரும். வாசிப்பதும் திருத்துவதும் பிறகு. சில்லிலிருந்து எடுப்பதற்கும் அதே ஒழுக்கம் வேண்டும்.

அது எளிதில் கைகூடுவதில்லை என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். 1989இல் வந்த கேம் பாய், கேட்ரிஜின் நிரலில் 32 கிலோபைட்டை மட்டுமே ஒரே நேரத்தில் பார்க்கும். பெரிய விளையாட்டுகளை 16 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்து, கேட்ரிஜுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு மாற்றி மாற்றிக் காட்டும். எடுக்கும் கருவி அந்தச் சில்லின் வகையைத் தவறாகக் கணித்தால், ஒரே துண்டு திரும்பத் திரும்பப் பதிவாகலாம். கோப்பின் அளவு சரியாக இருக்கும், உள்ளடக்கம் தவறாக இருக்கும். தலைப்புத் திரை வந்துவிட்டால் பலரும் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள்!

இதோடு நம் ஊரின் ஈரக்காற்று வேறு. செம்பு முனைகளில் பச்சை பூத்து ஓர் இணைப்பு விட்டுப்போனாலே கோப்பு கெடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, கழற்றி மாட்டி இருமுறை எடுத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். கேட்ரிஜில் உள்ள நிரலின் தலைப்பகுதியில், மற்ற பைட்டுகளையெல்லாம் கூட்டிய தொகை சரிபார்ப்புக்காக இரண்டு பைட்டுகளில் பதியப்பட்டிருக்கிறது. கேம் பாய் அதைச் சரிபார்ப்பதில்லை. நாம் பார்த்தே ஆக வேண்டும். ஒத்துவந்தால் ‘சரிகண்ட படி’, இல்லையேல் ‘பிழைப்படி’. எடுக்கும் கருவிக்குப் ‘படியெடுப்பி’ போதும். கேட்ரிஜுக்கு, ஒலிப்பேழை வழியில் ‘பேழை’ என்பதே என் விருப்பம்.

விளையாடியவர் சேமித்தவற்றுக்குத் தனிச்சொல் அவசியம். பல பேழைகளில் அவை பேட்டரி தாங்கும் நினைவகத்தில் இருக்கின்றன. போக்கிமோன் கோல்ட் என்னும் விளையாட்டில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் அது விரைவில் தீர்ந்துவிடும், சேமித்ததும் அழிந்துவிடும். நிரலின் படியை இன்னொருவருடைய படியோடு ஒப்பிடலாம். உங்கள் தம்பி பத்து வயதில் வளர்த்த போக்கிமோன்களை எவருடைய கோப்போடு ஒப்பிடுவது? அந்த ஒரு பேழையில்தான் அவை இருக்கின்றன. ஆகவே பேட்டரியை மாற்றுமுன் முதலில் எடுக்க வேண்டியது இதுதான்.

இதற்குச் ‘சேமிப்புப்படி’ என்று வைத்திருக்கிறேன். ‘ப்புப்ப’ என்று நாக்கு இடறுகிறது. பொருள் கெடாமல் இதைவிடச் சுருக்கமான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.