பெரிய வீட்டுக் குடும்பம் (குழு)

நித்யா: மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வு எழுதலாம் என்று இருக்கிறேன். என்ஐஎஸ்எம் 5-ஏ. பயிற்சி வகுப்பில் 9,000 கேட்கிறார்கள். இன்று மாலைக்குள் கட்டினால் 7,500 ஆம். சேரட்டுமா?

செல்வி அத்தை: குட் மார்னிங் மக்களே

கார்த்தி: அத்தை, மணி மூணு

ராமு பெரியப்பா: நித்யா, கட்டாதே. விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. என்ஐஎஸ்எம் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2006-ல் தொடங்கிய நிறுவனம். தேர்வுக் கட்டணம் 1,500, அவர்கள் தளத்தில் நீயே கட்டலாம். பதிந்ததும் பாடநூல் பிடிஎஃப் இலவசம். கேள்வியெல்லாம் அதை ஒட்டித்தான் வரும். 100 கேள்வி, 2 மணி நேரம், 50 எடுத்தால் பாஸ். தவறினால் மறுபடி 1,500, அவ்வளவுதான்.

சித்ரா மதினி: தப்பு விடைக்கு மார்க் குறைப்பார்களே? என் தம்பிக்குக் குறைத்தார்கள்

ராமு பெரியப்பா: உன் தம்பி எழுதியது என்ஐஎஸ்எம் 8, பங்கு டெரிவேட்டிவ்ஸ் தேர்வு. அதில் ஒரு தப்புக்குக் கால் மார்க் போகும், பாஸாக 60 வேண்டும். 5-ஏ-வில் மைனஸ் கிடையாது. தெரியாவிட்டாலும் ஒன்றை அமுக்கிவிட்டு வா.

கார்த்தி: பேங்கில் லோனும் இப்படித்தான் கொடுத்தீர்களா பெரியப்பா

கார்த்தி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

ராமு பெரியப்பா: பார்த்துவிட்டேன்

முருகன் சித்தப்பா: என் சிநேகிதர் ஒருத்தர் தேர்வே எழுதாமல் ஃபண்ட் விற்கிறார்

ராமு பெரியப்பா: யார் பேரில் விற்கிறார் என்று கேள். பாஸ் செய்து, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிந்து, ஏஆர்என் என்ற விநியோகஸ்தர் எண் வாங்கினால்தான் கமிஷன். அதற்குக் கட்டணம் தனி. நித்யா, அதையும் கணக்கில் வை. சான்றிதழும் 3 வருடத்துக்குத்தான், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

முருகன் சித்தப்பா: அண்ணனுக்குத் தெரியாதது உண்டா

ராமு பெரியப்பா: தேக்கு மரத் திட்டத்தில் நீ அப்பாவின் பணத்தைப் போடும் முன் என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கும் சொல்லியிருப்பேன்

செல்வி அத்தை: ஆரம்பித்தாயிற்று

முருகன் சித்தப்பா: தேக்கு மாதிரி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபி விதி கொண்டுவந்ததே 1999-ல். நான் போட்டது 95-ல்.

கார்த்தி: சித்தப்பாவே தேர்வு எழுதலாம் போலிருக்கே

அம்மா: நித்யா, பான் கார்டில் பேர் எப்படி இருக்கு?

நித்யா: நித்யா மாரியப்பன். ஆதாரில் எம். நித்யா

ராமு பெரியப்பா: நல்லவேளை கேட்டாய் லட்சுமி. பானில் உள்ளபடி எழுத்து மாறாமல் பதிவு செய். தேர்வு அன்றைக்கு அசல் கார்டை எடுத்துப் போ, நகல் செல்லாது.

செல்வி அத்தை: கோயில் கொடை வரி தலைக்கட்டுக்கு 2,000. யார் வசூல்?

முருகன் சித்தப்பா: போன வருஷக் கணக்கே இன்னும் வரவில்லை

செல்வி அத்தை: கணக்கு நோட்டு யார் வீட்டு பீரோவில் இருக்கு என்று ஊருக்கே தெரியும்

அம்மா: மாப்பிள்ளை என்ன சொல்கிறார்?

நித்யா: அவர்தான் வகுப்பில் சேரச் சொன்னார். பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டில் படிக்க முடியாதாம்

சித்ரா மதினி: பிள்ளையை அவர் பார்த்துக்கொண்டால் முடியும்

கார்த்தி: 🙏

ராமு பெரியப்பா: 1,500 நான் போடுகிறேன்

முருகன் சித்தப்பா: பாதி நான்

ராமு பெரியப்பா: வேண்டாம்

முருகன் சித்தப்பா: அவள் எனக்கும் மகள்தான்

நித்யா: சித்தப்பா, ஜிபேயில் 750 வந்துவிட்டது. பெரியப்பா, அப்போ வகுப்பு?

ராமு பெரியப்பா: முதலில் பதிந்து நூலை இறக்கு. இரண்டு பாடம் படித்துப் பார். மற்றதைக் கொடைக்கு வரும்போது பேசுவோம்.

நித்யா: மாலைக்குள் சொல்ல வேண்டுமே

செல்வி அத்தை: கொடை வரியையும் அதே ஜிபேயில் அனுப்பலாமா?