ஆன்டிஜென், ஆன்டிபாடி: இரைப்பைக் கிருமித் துண்டறிக்கைக்கு இரண்டு சொற்கள்

பெங்களூருவிலிருந்து:

அன்புடையீர், அல்சூர்ப் பக்கம் உள்ள தமிழ் நோயாளிகளுக்கு ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டறியும் விரைவுச் சோதனைகளின் ஒப்பீடு அது. மூச்சுச் சோதனையில் சொல் சிக்கல் இல்லை. எண்டோஸ்கோபியில் கிள்ளியெடுத்த இரைப்பைத் துணுக்கை யூரியா ஜெல்லில் வைத்தால், கிருமியின் யூரியேஸ் நொதி அம்மோனியாவை உண்டாக்கி ஜெல்லின் மஞ்சள் நிறத்தை இளஞ்சிவப்பாக்கும், அதையும் எழுதிவிட்டேன்.

முட்டுவது மற்ற இரண்டில். மலச் சோதனை தேடுவது ஆன்டிஜெனை, அதாவது கிருமியின் பகுதியையே. இரத்தச் சோதனை தேடுவது ஆன்டிபாடியை. அது கிருமியை எதிர்க்க நம் உடல் செய்தது. கிருமி ஒழிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இருக்கும். பிறபொருளெதிரியாக்கி, பிறபொருளெதிரி என்று போட்டால் வாலில் மட்டும்தான் வித்தியாசம். என் அத்தை மருந்தை முழுக்க முடித்த பின், ஓரிடத்தில் இரத்தச் சோதனையை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் வாய் கசந்து, சோறு இறங்காமல் கிடந்தார். அதனால்தான் கேட்கிறேன். ஆன்டிஜெனுக்கு ‘கிருமித்தடயம்’ சரியா?

தில்லியிலிருந்து:

தடம் என்பது கால் பட்டுப் போன இடம். ஆள் போன பிறகு கிடப்பதுதான் தடயம். உங்கள் கணக்குப்படி அது ஆன்டிபாடிக்கே பொருந்தும்! ஆன்டிபாடியை ஆக்குவது என்ற பொருளில்தான் ஆன்டிஜென் என்ற சொல்லே பிறந்தது. ஆகவே ‘எதிரியாக்கி’ நல்ல காரணப்பெயர், அதை விடக்கூடாது. அப்புறம், பைலோரஸ் என்றால் கிரேக்கத்தில் வாயிற்காவலன், ஹெலிக்ஸ் என்றால் திருகல். கிருமிக்கே ‘வாயிற்றிருகி’ என்று பெயர் வைக்கலாமே? புணர்ச்சியும் சரியாக வருகிறது.

மும்பையிலிருந்து:

ஐயா, முப்பது ஆண்டு ஆய்வகத்தில் நின்றவள் சொல்கிறேன். தாராவியிலிருந்து வருகிறவர்கள் ‘ஆன்டிபாடி’ என்றே கேட்கிறார்கள். கொரோனாக் காலத்தில் பழகிய சொல். முடிவுச் சீட்டிலும் அதுதான் இருக்கும். இடுகுறிப்பெயராக அப்படியே விடுங்கள். மலச் சோதனைக்கும் மூச்சுச் சோதனைக்கும் முன்பு இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளை, மருத்துவரைக் கேட்டு, இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். அதை எழுதினீர்களா, தம்பி?

பெங்களூருவிலிருந்து:

இல்லை அம்மா, இப்போதுதான் சேர்த்தேன். நன்றி. தடயத்தைக் கைவிடுகிறேன், ஐயா சொன்னது சரி. வாயிற்றிருகி அழகுதான், ஆனால் சீட்டில் தேடினால் கிடைக்காது. ‘ஆன்டிஜென் என்னும் கிருமிக்கூறு’, ‘ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருள்’ என்று போடுகிறேன். தனிமடலில் எழுதிய மூவரும் இதற்கே சம்மதித்தார்கள்.

தில்லியிலிருந்து:

எதிர்ப்பொருளைத் தூண்டாத கூறும் கிருமியில் உண்டு. கூறு என்பது பொதுச்சொல், இங்கே போதாது. அச்சுக்குக் கொடுங்கள், ஆனால் என் மறுப்பு நிற்கட்டும்.