புது ஸ்கூல்ல பொண்ணை "கருவாடு"ன்னு கூப்பிடுறாங்க. என்ன பண்ணலாம்?

காசிமேடு_அம்மா:
பொண்ணு ஏழாவது. ஜூன்ல பெரம்பூர் பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல சேர்த்தோம். நிறம் கருப்பு, ஏரியா மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேடு, ரெண்டையும் சேர்த்து "கருவாடு"ன்னு பேர் வெச்சுட்டாங்க. டிபன் டப்பாவைத் திறந்தா மூக்கைப் பொத்துறாங்களாம், தயிர்சாதமா இருந்தாலும். இப்போ கழுத்து வரைக்கும் பவுடர் அப்பிக்கிட்டுப் போறா. நேர்ல போய்க் கத்தவா, டிசி வாங்கிடவா?

வண்ணாரப்பேட்டை_டீச்சர்:
கத்தாதீங்க. கேட்ல கத்தினா அன்னிக்கு மதியமே "போட்டுக்குடுத்தவ"ன்னு இன்னொரு பேர் சேரும்.
நாப்பது பக்க நோட்டு ஒண்ணு போடுங்க. தேதி, எந்த பீரியட், யார், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்துல யார் இருந்தா. "கிண்டல் பண்றாங்க"ன்னு எழுதினா "புள்ளைங்கன்னா அப்படித்தாம்மா"ன்னு அனுப்பிடுவாங்க. "செவ்வாய், நாலாவது பீரியட், மூணு பேர்"னா தட்டிக்கழிக்க முடியாது. ஒரு வாரம் எழுதிட்டு கிளாஸ் டீச்சருக்கு லெட்டர். ரெண்டு காப்பி, ஒண்ணுல கையெழுத்து, தேதி வாங்கிக்குங்க. பத்து நாள்ல அசையலேன்னா ஹெச்எம். அங்கயும் நடக்கலேன்னா கல்வித் துறை உதவி எண் 14417, இல்ல குழந்தைகள் உதவி எண் 1098.
அசெம்பிளில பேர் சொல்லித் திட்டறதும், எல்லார் முன்னாடியும் கை குடுக்க வைக்கிறதும் வேணாம்னு லெட்டர்லயே எழுதிடுங்க. மறுநாளே வஞ்சம் தீர்ப்பாங்க.

ராயபுரம்_கேரம்:
லெட்டரால கிண்டல் நிக்கும், ஃப்ரெண்டு கிடைக்காது. பெரிய கும்பல்ல சேர்த்துவிடப் பாக்காதீங்க, ஒருத்தி போதும். அதே பஸ்ல வர்றவளா இருந்தா இன்னும் நல்லது. ஸ்கூல்ல கேரம் இருந்தா டபுள்ஸ்ல போடச் சொல்லுங்க. பார்ட்னர் எதிர்ல உக்காருவா, ரெட் காயினைப் போட்டுட்டு அதுக்கு ஃபாலோவா அடுத்த காயின் விழலேன்னா ரெண்டு பேரும்தான் தலையில கை வைக்கணும், பேசாம எப்படி இருக்கிறது? 2024 கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் அடிச்ச காசிமா நம்ம வடசென்னைப் பொண்ணுதான்.

கொருக்குப்பேட்டை_சித்தி:
வீட்டுப் பேச்சையும் பாருங்க. "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா"ன்னு பாட்டி கொஞ்சுவாங்க இல்ல, அந்த "இருந்தாலும்"தான் வினை. பதிலுக்கு ஒரே வரி பழக்குங்க: "என் பேரைச் சொல்லு, திரும்புறேன்." கண்ணாடி முன்னாடி பத்து தரம் சொல்லட்டும். அழாம, சிரிக்காம வரணும். பதிலுக்கு ஒரு பட்டப்பேர் வெக்கவே கூடாது, நோட்டுல எழுதினதெல்லாம் வீணாயிடும்.

காசிமேடு_அம்மா:
பவுடர் டப்பாவை ஒளிச்சு வெச்சிடவா?

கொருக்குப்பேட்டை_சித்தி:
வேணாம். பைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போய் ஸ்கூல் பாத்ரூம்ல அப்பிக்குவா. சிவப்பழகு க்ரீம் எதாவது கண்ணுல பட்டா மட்டும் தூக்கிப் போடுங்க. லேபிள் இல்லாத டப்பான்னா யோசிக்கவே வேணாம். சிலதுல பாதரசம் கலக்குறாங்க, கிட்னிக்கு ஆகாது.