ஹம்ப் ஏறினாலே “யாரையோ இடிச்சுட்டேன்”னு போன் பண்றார்: நான் பதில் சொல்லணுமா, கூடாதா?

அல்சூர்_அகிலா:
பெங்களூர்ல வீடு அல்சூர், என் வீட்டுக்காரர் ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி. கார்லதான் போவார். போன தீபாவளிக்கு அப்புறம் ஆரம்பிச்சது இது. வண்டி ஹம்ப்ல, அதான் வேகத்தடையில, ஏறி இறங்கினா ‘டொம்’முனு ஒரு சத்தம் வருமே, அது மனுஷன் மேல ஏறின சத்தம்னு அவருக்குத் தோணிடுது. கண்ணாடியில பார்ப்பார், ரோடு காலியா இருக்கும். அப்படியும் அடுத்த யூ டர்ன்ல திரும்பிப் போய் அந்த இடத்தைப் பார்த்துட்டுதான் வருவார். ஓசூர் ரோட்டுல ஒரு தடவை திரும்பினா என்ன நேரம் ஆகும்னு தெரியுமில்லையா? இந்த ஊர் ரோட்டுல ஹம்ப்புக்கும் பள்ளத்துக்கும் பஞ்சமா வேற! ஒருநாள் இளநீர்க்காரர்கிட்ட இறங்கிப் போய், “ஏனாத்ரூ ஆக்ஸிடென்ட் ஆய்த்தா?” (ஏதாவது ஆக்ஸிடென்ட் ஆச்சா?)ன்னு கன்னடத்துல கேட்டிருக்கார். அவர் பயந்துபோய் கடையை விட்டே எழுந்துட்டாராம். அன்னிக்கு ரெண்டு பேரும் சிரிச்சோம். இப்ப சிரிக்க முடியல.

வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடிச்சு பம்பரைப் பார்ப்பார். காலையில பேப்பர்ல விபத்துச் செய்தி தேடுவார். நடுவுல எனக்கு இருபது போன்: “ஒண்ணும் ஆகலைதானே?” எனக்கு ஒரு ‘பிரமாதமான’ யோசனை வந்து டேஷ்கேம் வாங்கி மாட்டினேன். இப்ப ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்த வீடியோதான். முன்னாடி மட்டும்தான் தெரியுதாம், அதனால பின்னாடிக்கும் ஒரு கேமரா ஆர்டர் போட்டாச்சு.

டாக்டர் இது ஓசிடி, வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே விஷயத்தைச் செய்ய வைக்கிற நோய்னு சொல்லி, செர்ட்ராலின் மாத்திரை ஆரம்பிச்சு அஞ்சு வாரம் ஆகுது. பெரிய மாற்றம் இல்லை. “அவர் கேட்டா ஆறுதல் சொல்லாதீங்க”ன்னு என்கிட்ட ஒரே வரி சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டார். நானும் அன்னிக்கே வாயை மூடிக்கிட்டேன். “நீ சொல்ல மாட்டேங்கிறேன்னா நிஜமாவே ஏதோ ஆயிருக்கு”ன்னு இவர் அழுதுட்டார். மாமியார், மனசு சரியில்லாதவங்களைக் கூட்டிட்டுப் போற குணசீலம் கோயில்ல 48 நாள் வச்சுக்கணும்ங்கிறாங்க. பதில் சொன்னா நோயை வளர்க்கிறேன், சொல்லலைன்னா நான் ராட்சசி. என்னதான் பண்றது?

ஓய்வுபெற்றவன்:
அதிகமா யோசிக்கிறதுதான் வியாதி. காலையில நடைப்பயிற்சி, பிராணாயாமம். மனசைத் திடமா வச்சுக்கச் சொல்லுங்க.

பிடிஎம்_சுதா:
சார், அவர் மனசு திடமில்லாம இதைச் செய்யல. அந்த எண்ணம் அபத்தம்னு அவருக்கே தெரியும். தெரிஞ்சும் விட முடியலைங்கிறதுதான் இந்த நோய்.

அகிலா, என் தம்பிக்கும் ஓசிடிதான்: கேஸ் நாப், பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. அதுக்கு முன்னாடி கை கழுவுறது. இங்க பெங்களூர் மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்ல ஓசிடிக்குன்னே கிளினிக் இருக்கு, அங்கதான் காட்டினோம். ஒண்ணு சொல்றேன்: அஞ்சு வாரத்துல மருந்தை எடை போடாதீங்க. இதுக்கு 8லிருந்து 12 வாரம் வரை பார்க்கணும், டோஸும் பலருக்கு மனச்சோர்வுக்குத் தர்றதைவிடக் கூடதான் வேணும். அதை டாக்டர்தான் ஏத்தணும், நீங்களா இல்லை.

உங்க டாக்டர் சொன்னது சரி, சொன்ன விதம்தான் சரியில்லை. திடீர்னு நிறுத்தினா அவருக்குக் கைவிட்ட மாதிரிதான் இருக்கும். நாங்க தம்பி நல்ல மூடுல இருந்த ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பேசினோம். என்ன கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு அவனே எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினான். முதல் வாரம் ஒரு கேள்விக்கு ஒரே ஒரு பதில். ரெண்டாவது தடவை கேட்டா, “இதுக்கு ஏற்கெனவே சொல்லிட்டேன்டா.” அடுத்து, கேட்டு பத்து நிமிஷம் கழிச்சுதான் பதில். அப்புறம் பதிலே இல்லை, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது மட்டும்தான். முதல்ல அவனுக்குப் பயம் ஏறும். வேர்க்கும், கத்துவான். ஆனா எதுவும் செய்யாமலே அது இறங்குறதை அவனே பார்த்தான். இதுக்குத்தான் ஈஆர்பின்னு பேரு. பயத்தை எதிர்கொள்றது, ஆனா சரிபார்க்காம இருக்கிறது. மாத்திரையோட இதையும் கேளுங்க. உங்க வீட்டுக்காரருக்கு அபார்ட்மென்ட் உள்ள இருக்கிற ஹம்ப்ல ஆரம்பிக்கலாம்னு தெரபிஸ்ட் சொல்லலாம். கண்ணாடியே பார்க்காம ஓட்டச் சொல்லலைங்க, திரும்பிப் போகாம இருக்கிறதுதான் விஷயம்.

டேஷ்கேம்தான் உங்க வீட்டுல பெரிய திருடன். அவர் சம்மதத்தோட கழட்டுங்க.

இருளில்_இருந்தவன்:
நான் அந்தப் பக்கத்து ஆள், பத்து வருஷமா ஓசிடி. உங்க பதில் கிடைச்சா எங்களுக்கு அஞ்சு நிமிஷம் நிம்மதி. அப்புறம் உப்புத் தண்ணி குடிச்சவன் தாகம் மாதிரி இன்னும் கேட்கும். ஆனா ஒண்ணு, அகிலா மேடம்: பதில் சொல்லாம இருக்கும்போது முகத்தைத் திருப்பாதீங்க. என் மனைவி, “கஷ்டமா இருக்குல்ல, தெரியுது”ன்னு மட்டும் சொல்லுவா. ‘ஒண்ணும் ஆகல’ங்கிற வார்த்தையைச் சொல்லவே மாட்டா.

குணசீலம் நானும் போனேன், 48 நாள் முழுசா இருந்தேன். மனசு அடங்கித்தான் வந்தேன், திரும்பி வந்த அன்னிக்கு ராத்திரி பூட்டை இழுத்துப் பார்க்க ஆரம்பிச்சுட்டேன். போகணும்னா போயிட்டு வாங்க, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. எப்பவாவது உயிரை விடுற மாதிரிப் பேசினா காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. 14416ல டெலி மானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன் இருக்கு, தமிழ்லயும் பேசலாம்.

அல்சூர்_அகிலா:
மூணு வாரம் கழிச்சு எழுதறேன். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் பேப்பர் ஒட்டியாச்சு, அவர் கையெழுத்துல. டோஸ் ஏத்தியிருக்காங்க, தெரபிக்கு ரெண்டு தடவை போயாச்சு. நேத்து பொம்மனஹள்ளியில இருந்து போன். “அகிலா, ஒரு சத்தம்...” “கஷ்டமா இருக்குல்ல?”ன்னேன். ரொம்ப நேரம் ஹார்ன் சத்தம் மட்டும்தான். அப்புறம், “பால் வாங்கணுமா?”ன்னார். ஒரு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேன்னு ராத்திரி அவரே ஒத்துக்கிட்டார். முன்னாடி நாலு தடவை போவார்.

மாமியார் இன்னும் குணசீலம்தான் சொல்லிட்டிருக்காங்க. பின்பக்க கேமரா வந்து சேர்ந்துடுச்சு, பிரிக்கவே இல்லை. திருப்பிக் கொடுக்கிற தேதியும் போயிடுச்சு. யாருக்காவது வேணுமா? பாதி விலைக்குத் தர்றேன்.