கினாகோவின் மேல் பாகு ஊற்றலாமா?

வறுவாசம்:
ஜப்பானியர் சோயாவை வறுத்து அரைக்கும் கினாகோ மாவைப் பற்றி யார் எழுதினாலும், குரோமிட்சு என்னும் கருஞ்சர்க்கரைப் பாகையும் சேர்த்தே எழுதுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. பச்சை வாடை அடங்கி, வறுபட்ட மணம் எழுவதுதான் கினாகோவின் உயிர். பாகை ஊற்றியதும் நாக்கில் பாகு மட்டுமே நிற்கிறது. பச்சை நிறச் சோயாவில் செய்யும் உகுயிசு கினாகோவைப் பாருங்கள். அந்த இளம்பச்சை போய்விடக் கூடாது என்றே இளம்பதமாக வறுக்கிறார்கள். அதன் மேல் கருஞ்சர்க்கரைப் பாகா? கொஞ்சம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவு போதும்.

கருப்பட்டி:
வறுவாசம் அவர்களே, கினாகோவுக்கும் இனிப்புக்கும் உறவு பழையது. ஷிசுவோகா பகுதியின் அபேகவா மோச்சி (மோச்சி என்பது பசையரிசியை இடித்துச் செய்யும் மெத்தென்ற உருண்டை) எடோ காலத்திலேயே, அதாவது 1603–1868 காலத்திலேயே, பேர்பெற்ற பண்டம். சர்க்கரை அரிதாக இருந்த அந்நாளில், கினாகோவின் மேல் வெள்ளைச் சர்க்கரை தூவித் தந்ததே அதன் சிறப்பு.

பாகுக்கு வருவோம். யமனாஷியில் கிக்யோயா நிறுவனம் 1968 முதல் விற்கும் ஷின்கென் மோச்சியைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? சிறு பெட்டி நிறைய மாவு, அதில் புதைந்த மூன்று மோச்சித் துண்டுகள், தனிக் குப்பியில் பாகு. பாகு விழுந்த இடத்தில் மாவு உடனே கரைவதில்லை, ஈரக் கட்டிகளாகத் திரள்கிறது. கட்டியும் உலர்ந்த பொடியும் ஒரே வாயில் சேரும்போதுதான் மணம் மேலே வருகிறது. வெறும் மாவு அண்ணத்தில் அப்பிக்கொள்ளும், மூச்சை இழுத்தால் புரையேறும். அதற்கு ஈரம் வேண்டும் ஐயா.

வறுவாசம்:
அபேகவாவில் தூவுவது சர்க்கரை, பாகு அல்ல. ஈரம்தான் குறை என்றால் நாராவைப் பாருங்கள். புத்தாண்டன்று மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் கிடக்கும் மோச்சியை வெளியே எடுத்து, இனிப்புக் கினாகோவில் புரட்டித் தின்கிறார்கள். மோச்சியில் ஊறிய உப்புச் சாறே மாவைப் பிடித்துக்கொள்கிறது. பாகுக்கு அங்கே வேலையே இல்லை.

பதம்:
இருவரும் வறுபதத்தைப் பேசாமலே சண்டை போடுகிறீர்கள். இளவறுப்பு மாவு வெளிர்மஞ்சள், பருப்பின் இனிப்பு மாறாதது. பாகு அதை அமுக்கிவிடும். பழுப்பேற வறுத்ததில் லேசான கசப்பு உண்டு, அது பாகுக்கு ஈடுகொடுத்து நிற்கும். இன்னொன்று, சோயாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். பிரித்த பொட்டலத்தைக் காற்றாட விட்டால் மணம் போய்ச் சிக்கு வாடை வரும். மணமே இல்லை என்று பாகின் மேல் பழிபோடுமுன் மாவை முகர்ந்து பாருங்கள்.

வறுக்காத சோயா மாவை மோச்சியில் தூவலாமா என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, சூடு பட்டால்தான் அது அடங்கும்.

கருப்பட்டி:
பதம் சொல்வது சரி, அதனால்தான் பழுப்பு மாவை வாங்கச் சொல்கிறேன். வராபி என்னும் பெரணிச் செடியின் கிழங்கு மாவில் செய்துவந்த வராபி மோச்சிக்கு என்ன சொல்கிறீர்கள்? இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் கிண்டியவை. தனக்கென்று பெரிதாக மணமில்லாத வழவழப்புக் களி அது.

வறுவாசம்:
மணமில்லாத களிக்கு மணம் தரத்தானே கினாகோ! பாகைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியவர் தொட்டுக்கொள்ளட்டும்.

கருப்பட்டி:
தொட்டுக்கொண்டால் மாவெல்லாம் கிண்ணத்தில் உதிர்ந்து குழம்பிவிடும். மேலே ஊற்றுவதுதான் முறை.